சங்குக்காரி வென்டி

ஆல்டர்ஷாவில் வென்டி ஹெப்வொர்த்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு புகார்தான் வரும். முப்பத்தொரு வருஷமாகப் பஸ் டிப்போவில் உட்கார்ந்து வண்டிகளை நேரம் பார்த்து அனுப்புகிறவள். ஆறு பன்னிரண்டு என்றால் ஆறு பன்னிரண்டுதான். ஆறு பதின்மூன்றுக்கு மூச்சிரைக்க ஓடி வருகிறவர் யாராக இருந்தாலும் வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்க்கலாம். அவளுடைய சொந்தத் தம்பியே ஒரு ஜனவரி மாதம் அப்படிப் பார்த்துக்கொண்டு பனியில் நின்றிருக்கிறான். மூன்று மாதம் அவன் அவளோடு பேசவில்லை. வென்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இப்படிப்பட்டவளோடு குடும்பம் நடத்துவது லேசான காரியமில்லை. கணவர் நெவில் பொறுமைசாலி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே ரக்பி மைதானத்துக்குப் போகும்போது அவர் மட்டும் தூண்டிலோடு கால்வாய்க் கரைக்குப் போய்விடுவார். "பதிமூணு தடியனுங்க இன்னொரு பதிமூணு தடியனுங்கள மண்ணுல போட்டுப் புரட்டுறானுங்க. அத நான் எதுக்குப் பாக்கணும்?" என்பார். வென்டி கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு சரியாக ஒன்றரைக்குக் கிளம்பிவிடுவாள். ஏனென்றால் அவள் ஆட்டம் பார்க்கப் போகிறவள் இல்லை. ஆட்டத்தின் நேரம் அவள் கையில் இருந்தது.

அந்த வேலை அவளுக்கு வந்த கதை இது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆல்டர்ஷா கிளப்பின் நேரக்காப்பாளராக கிளிஃபர்ட் என்று ஒருவர் இருந்தார். மனுஷன் தங்கமானவர், கண் பார்வைதான் மட்டம். ஒருநாள் ஆட்டம் முடிய நான்கு நிமிஷம் இருக்கும்போதே, முடிந்தது என்று அறிவிக்கிற மின்சார சங்கை ஊதிவிட்டார். எதிரணிக்காரர்கள் பாதிப் பேர் குளிக்கத் தொடங்கிவிட்டார்கள். சோப்பு நுரையோடு அவர்களைத் திரும்பக் களத்துக்கு அழைத்து வந்து மிச்ச நான்கு நிமிஷத்தை ஆடவைக்க வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலமே கமிட்டி கூடி, இந்த ஊரில் நேரம் தவறாதவர் யார் என்று கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து பார்வையாளர் மாடத்தின் கூரைக்குக் கீழே, பதினொரு படி இரும்பு ஏணி ஏறினால் வருகிற மரப்பெட்டி வென்டியின் ராஜ்யம். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, மேஜையில் கடிகாரத்தின் விசை, பக்கத்தில் சங்குக்கான சிவப்புப் பொத்தான். மைதானத்தின் எதிர்முனையில் தெரிகிற பெரிய கடிகாரம், மூடிப்போன நகராட்சி நீச்சல்குளத்திலிருந்து வந்தது. நடுவர் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினால் கடிகாரத்தை நிறுத்த வேண்டும், கையை உயர்த்தினால் ஓடவிட வேண்டும், எண்பது நிமிஷம் ஆனதும் சங்கை ஊத வேண்டும். இவ்வளவுதான் வேலை. கூடவே எதிரணியின் நேரக்காப்பாளரும் இன்னொரு கடிகாரத்தோடு பக்கத்து நாற்காலியில் இருப்பார். ஒருவர் தவறினால் இன்னொருவர் பிடிப்பதற்காக. வென்டி தவறி யாரும் பிடித்ததில்லை.

வென்டியின் கடிகாரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது கிளப்பின் முதலாளி செய்த காரியம்தான் ஊரையே கவிழ்த்தது. கார் வியாபாரி அவர், பல் தெரியச் சிரிக்கிற ஆள். வீரர்களைப் பதிவு செய்யும் கெடு முடிந்த பிறகு மூன்று பேரை வாங்கியிருக்கிறார். காகிதத்தில் தேதியை மாற்றி எழுதி, அவர்களைக் களத்தில் இறக்கி, அந்த வருஷம் பாதி ஆட்டங்களை ஜெயிக்கவும் வைத்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டதும் ஒரே ராத்திரியில் கடையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். தண்டனை மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. அடுத்த பருவத்தை ஆல்டர்ஷா பூஜ்யத்திலிருந்து அல்ல, மைனஸ் பன்னிரண்டிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி. பருவம் முடியும்போது பூஜ்யத்துக்காவது ஏறியிருக்காவிட்டால் தொழில்முறை லீகில் இடம் கிடையாது என்று கடிதம் வந்தது.

வீரர்கள் இருபத்து நான்கு பேர் வேறு வேறு கிளப்புகளுக்குப் போய்விட்டார்கள். தங்கியது ஒரே ஒருவன், கேப்டன் டேரல் ஸ்கோல்ஸ். வயது முப்பத்து நான்கு. வாரத்தில் ஐந்து நாள் வென்டியின் டிப்போவில் பன்னிரண்டாம் நம்பர் வண்டியை ஓட்டுகிறவன், செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் பயிற்சிக்குப் போகிறவன்.

"எல்லாரும் போயாச்சு. நீ மட்டும் ஏன்டா நிக்கிற?" என்று வென்டி ஒருநாள் காலையில் கேட்டாள். "முட்டி தேஞ்சு போச்சு. மூக்கு நாலு தரம் ஒடஞ்சாச்சு. அழகாவும் இல்ல."

"அழகுக்காகவா வென்டி என்னக் கேப்டன் ஆக்குனாங்க?"

"பேச்ச மாத்தாத."

டேரல் தேநீரை ஒரே மடக்கில் குடித்தான். "மைனஸ் பன்னெண்டுங்கிறது குழி. குழிக்குள்ளருந்து சின்னப் பசங்க ஏறணும்னா அடியில எவனாவது நின்னு தோள் குடுக்கணும்ல? வேற எவனும் இல்ல. நாந்தான் இருக்கேன்."

"மணி ஆறு பத்து," என்றாள் வென்டி. அவன் வண்டியில் ஏறிய பிறகுதான் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ரசிகர்களே சேர்ந்து கிளப்பை எடுத்து நடத்தினார்கள். பயிற்சியாளராக மிக் டுவையர் வந்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், சத்தம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிப்போனவர். முதல் கூட்டத்தில் அவர் எழுந்து, "கோப்பையப் பத்திப் பேசுறவங்க வெளிய போகலாம். நமக்கு வேண்டியது பூஜ்யம்," என்றார். சிரிப்பில் கூரை அதிர்ந்தது. ஆனால் அன்றிலிருந்து ஊருக்கு அதுதான் லட்சியமாயிற்று. கசாப்புக்கடை ஃபிராங்க் தன் கடைக் கண்ணாடியில் சுண்ணாம்பால் -12 என்று பெரிதாக எழுதி வைத்தார். உலகத்தில் வேறெந்த ஊரும் பூஜ்யத்துக்கு இப்படி ஏங்கியிருக்காது.

அணி என்று சேர்ந்தது என்னவோ கதம்பம்தான். கூரை வேய்கிறவன், தபால்காரன், கல்லூரி மாணவர்கள் நால்வர், வேறு கிளப்புகள் வேண்டாமென்று தள்ளிய ஏழெட்டுப் பேர். பல்பொருள் அங்காடியில் அட்டைப்பெட்டி அடுக்குகிற ஜோயல் விட்டேக்கர் என்ற இருபது வயதுக்காரனுக்குப் பந்து கையில் இருந்தால் பாம்பு மாதிரி நெளிந்து ஓடத் தெரியும். பந்தோடு வருகிற எதிராளியைக் கட்டிப்பிடித்து மடக்கத்தான் தெரியாது. பெரிய உடம்பு ஒன்று எதிரே வந்தால் மரியாதையாக வழிவிட்டுவிடுவான். மூன்றாவது வாரத்திலேயே சொந்த ரசிகர்கள் அவனுக்குக் "கேட்டு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "கேட்டு தெறந்திருக்குடோய், உள்ள வாங்க!" என்று கத்துவார்கள். ஜோயல் காது சிவக்க நிற்பான்.

முதல் ஆட்டத்தில் அறுபத்திரண்டுக்கு நான்கு என்று தோற்றார்கள். அடுத்தடுத்து ஐந்து தோல்வி. தோல்வியை வென்டியால் தாங்க முடிந்தது. தாங்க முடியாதது நாட்காட்டிதான். வெளியூருக்கு எங்கே போனாலும் எதிரணி ரசிகர்கள் சுவர் நாட்காட்டிகளைக் கொண்டுவந்து தலைக்கு மேல் தூக்கி ஆட்டி, "இன்னைக்கு என்ன தேதி? இன்னைக்கு என்ன தேதி?" என்று பாட்டாகவே பாடினார்கள். வீரர்கள் பாதிப் பேர் அந்த மோசடி நடந்தபோது இந்த ஊரிலேயே இல்லை. இருந்தும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஒரு ஊரில் வென்டியின் பக்கத்தில் இருந்த நேரக்காப்பாளரே அவள் கடிகாரத்தை எட்டிப் பார்த்து, "உங்க ஊர்ல நிமிஷத்துக்கு எத்தன விநாடிம்மா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணடித்தார். வென்டி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எண்பது நிமிஷமும் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதாள். அறுபத்தோரு வயதில், தான் செய்யாத தப்புக்காக, அவமானத்தில் அழுதாள்.

ஏழாவது ஆட்டத்தில் ஒருவழியாக முதல் வெற்றி வந்தது. எதிரணியில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு என்று பிறகுதான் தெரிந்தது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஃபிராங்க் கண்ணாடியைத் துடைத்து -10 என்று எழுதினார். வேனிற்காலம் முழுக்க எண் மெதுவாக ஏறியது. மிக் டுவையர் பையன்களை மழையில் நிறுத்தி ஒருவரையொருவர் மடக்கவைத்தார். டேரல் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் நின்று, தன் ஆளையும் மடக்கி, ஜோயல் தவறவிட்ட ஆளையும் மடக்கி, திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே வண்டி ஏறினான். ஆனாலும் கடைசிப் பத்து நிமிஷத்தில் அணி தளர்ந்துபோகிற வியாதி மட்டும் போகவில்லை. கையிலிருந்த நான்கு ஆட்டங்களைக் கடைசி நிமிஷங்களில் கோட்டைவிட்டார்கள். கடைசி ஆட்டத்துக்கு வரும்போது மைனஸ் இரண்டில் நின்றார்கள். ஜெயித்தால் பூஜ்யம். தோற்றால் எல்லாம் முடிந்தது.

ஆட்டம் சொந்த மைதானத்தில், எதிரணி கடற்கரை ஊரான சீபிரிக். அவர்களுடைய நேரக்காப்பாளர் ஐவர் பென்ரைஸ், அதிகம் பேசாத, ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. வென்டிக்கு அவரைப் பதினைந்து வருஷமாகப் பழக்கம். இடைவேளையில் இருவரும் கறிக்குழம்பு அடைத்துச் சுட்ட அப்பம் ஆளுக்கொன்று சாப்பிட்டார்கள். ஐவர் தன் கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"போச்சு. பேட்டரி செத்துப்போச்சு."

"கீழ ஆபீஸ்ல வேற இருக்கும். எடுத்துட்டு வரச் சொல்லட்டா?"

"எதுக்கு வென்டி? உன் கடிகாரமே போதும். உன்ன நம்பாம வேற யார நம்புறது?" என்று சொல்லி, விரலில் ஒட்டிய குழம்பை நக்கிக்கொண்டார்.

அந்த வார்த்தை வென்டிக்குத் தேனாக இனித்தது. அந்த வருஷம் முழுக்க வெளியூர்க்காரர் ஒருவரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டாம் பாதியில் ஆல்டர்ஷா பதினெட்டுக்குப் பதினாறு என்று முன்னால் இருந்தது. இரண்டே புள்ளி வித்தியாசம். எழுபத்து நான்காவது நிமிஷத்தில் சீபிரிக்கின் மாடு மாதிரியான ஒருவனை மடக்கப் போன டேரலின் தலையில் அவனுடைய முழங்கால் மோதியது. டேரல் நின்ற வாக்கிலேயே சாய்ந்தான். கையைக்கூட ஊன்றவில்லை. நடுவர் இரண்டு கையையும் குறுக்கே வைத்தார். வென்டியின் பேனா வழக்கம்போல் நோட்டில் 74.10 என்று குறித்தது. அடுத்து விசையைத் தட்ட வேண்டிய கை தட்டவில்லை. அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு, "எந்திரிடா, எந்திரிடா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்தியர்கள் ஓடினார்கள். டேரலின் கால் அசைந்தது, பிறகு கை. இருவர் தோளில் அவன் தள்ளாடி வெளியே போனதும் மைதானமே கைதட்டியது. வென்டி நாற்காலியில் விழுந்தாள்.

நடுவர் கையை உயர்த்தினார். கடிகாரத்தை ஓடவிட அவள் விசைக்குக் கையை நீட்டினாள். கடிகாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. 75.03.

ஐம்பத்து மூன்று விநாடி. ஆட்டம் நின்றிருந்த ஐம்பத்து மூன்று விநாடியைக் கடிகாரம் தின்றுவிட்டது. பின்தங்கியிருக்கிற சீபிரிக்கின் நேரம் அது.

அந்த நொடியே கடிகாரத்தை நிறுத்திப் பிடித்து, ஐம்பத்து மூன்று எண்ணிவிட்டு ஓடவிட்டிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் அப்படித்தான் செய்திருப்பாள். அன்று செய்யவில்லை. ஐவர் கீழே டேரல் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவருக்குச் சந்தேகம் இல்லை. ஒருத்தருக்கும் தெரியாது என்று அவள் மனசு சொன்னது. டேரல் இல்லாத அணி, ஐந்து நிமிஷமே அதிகம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் இந்தப் பையன்கள் தாங்க மாட்டார்கள் என்றும் சொன்னது. இதையெல்லாம் அவளே பிறகு ஒளிக்காமல் சொன்னதால்தான் நமக்குத் தெரியும். ஏறக்குறைய ஐந்து நிமிஷம் வென்டி ஹெப்வொர்த் திருட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. பந்து ஆல்டர்ஷா கையில். கீழே ஆயிரம் பேர் எழுந்து நின்று பெரிய கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினார்கள். பத்து, ஒன்பது, எட்டு. வென்டியின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது. நாட்காட்டி ஆட்டியவர்களின் முகமெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கார் வியாபாரியின் பல்லும் ஞாபகம் வந்தது. அவரும் யாருக்கும் தெரியாது என்றுதான் தேதியை மாற்றியிருப்பார், இந்தப் பையன்களை எந்தக் குழியிலிருந்து தூக்கிவிட ஊர் ஒரு வருஷம் பாடுபட்டதோ, அதே குழியை நான் தோண்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு உறைத்தது. மூன்று, இரண்டு, ஒன்று.

80.00.

சங்கு ஊதவில்லை.

வென்டி பொத்தானிலிருந்து விரலை எடுத்து, கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைத் தட்டி ஓடவிட்டாள்.

கீழே ஜோயல் விட்டேக்கரிடம் பந்து இருந்தது. ஆயிரம் பேர் கத்துகிற கத்தலில் சங்குச் சத்தம் எவனுக்குக் கேட்கப் போகிறது? ஆட்டம் முடிந்துவிட்டது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். முழு பலத்தையும் சேர்த்துப் பந்தை மாடத்துக்குள் உதைத்து, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஓடிக்கொண்டே இருந்தவன், நடுவர் மட்டும் அசையாமல் நிற்பதைப் பார்த்து நின்றான். நடுவர் வென்டியின் பெட்டியை அண்ணாந்து பார்த்தார். சங்கு இல்லை என்றால் ஆட்டம் உண்டு. பந்து மண்ணைத் தொடாமல் நேராக வெளியே போனதால், அவன் உதைத்த இடத்திலேயே சீபிரிக்குக்குப் பந்து என்று கையைக் காட்டினார். ஆல்டர்ஷாவின் கோட்டிலிருந்து முப்பதே மீட்டர். பந்தோடு அந்தக் கோட்டைத் தாண்டி விழுந்தால் வெற்றி சீபிரிக்குக்கு.

"வென்டி! சங்க ஊது!" என்று கசாப்புக்கடை ஃபிராங்க் ஏணிக்கடியில் வந்து கத்தினார். "தூங்கிட்டாளா? எவனாவது மேல போய்ப் பாருங்கடா!" மாடம் முழுக்க அவள் பெயரைச் சொல்லித் திட்டியது. பிறந்ததிலிருந்து தெரிந்த முகங்கள்.

ஐவர் திரும்பினார். "என்னாச்சு வென்டி?"

"டேரல் விழுந்தப்ப கடிகாரத்த நிறுத்த மறந்துட்டேன். அம்பத்து மூணு விநாடி. அது உங்களோடது." "அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல."

ஐவர் அவளையும் ஸ்டாப்வாட்சையும் மாறி மாறிப் பார்த்தார். தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பதினைந்து விநாடி ஆனபோது சீபிரிக் ஆட்டத்தைத் தொடங்கியது. முதல் ஓட்டம், கூரை வேய்கிறவன் மடக்கினான். இரண்டாவது, தபால்காரனும் கல்லூரிக்காரனும் சேர்ந்து. இருபது மீட்டர். நடுவில் டேரல் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. யாரும் சொல்லாமலே இரண்டு பையன்கள் உள்ளே நகர்ந்து அதை அடைத்தார்கள். மூன்றாவது ஓட்டம். பத்து மீட்டர். பருவம் முழுக்க இந்த நேரத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பவர்கள் அன்று ஒருவனை மடக்கிவிட்டு எழுந்து, ஓடி வரிசைக்கு வந்து, மறுபடி மடக்கினார்கள். திட்டிக்கொண்டிருந்த மாடம் திட்டுவதை மறந்து அவர்கள் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கியது. நான்காவது. ஐந்து மீட்டர்.

"நாப்பத்தொம்பது," என்றார் ஐவர். "அம்பது."

ஐம்பத்து மூன்றில் வென்டி பொத்தானை அழுத்தினாள். சங்கு ஊதியது. ஆனால் பந்து நடமாட்டத்தில் இருக்கும்வரை ஆட்டம் முடியாது. அந்த மாடு மாதிரி ஆள்தான் கடைசியாகப் பந்தை வாங்கினான். எங்கே ஓட வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நேராக ஜோயலை நோக்கி வந்தான். ஜோயல் கண்ணை மூடிக்கொண்டான் என்று சிலர் சொல்கிறார்கள், மூடவில்லை என்று அவன் சத்தியம் செய்கிறான். எப்படியோ, விலகவில்லை. அந்த ஆளின் இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு விழுந்தான். பின்னால் வந்த இருவர் அந்த ஆள்மேல் விழுந்தார்கள். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் பந்து கையிலிருந்து நழுவி மண்ணில் உருண்டது. நடுவர் விசிலை நீளமாக ஊதினார்.

வென்டி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பூஜ்யம் வந்துவிட்டது. கூரையின் தகரம் அதிர்ந்தது. ஐவர் ஆட்டத் தாளை எடுத்து வைத்தார். அதில் இரண்டு நேரக்காப்பாளரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"இன்னைக்கு என்ன தேதி, வென்டி?" என்றார்.

அவள் நிமிர்ந்து முறைத்தாள். அவர் பதறிப்போனார். "ஐயோ, அந்த அர்த்தத்துல கேக்கலம்மா. நெசமாத்தான் தெரியல."

"செப்டம்பர் ஏழு," என்றாள் வென்டி. குறிப்புப் பகுதியில் நடந்ததை ஒன்றுவிடாமல் தன் கையாலேயே எழுதினாள், ஐந்து நிமிஷம் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்து. ஐவர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "எங்க பசங்களுக்கு அம்பத்து மூணு விநாடி முழுசாக் கெடச்சுது. ஜெயிக்க முடியல. இதுல எனக்குப் புகார் ஒண்ணும் இல்ல," என்றார். இறங்கும்போது ஏணியில் அவளுக்குக் கை கொடுத்தார்.

கீழே ஃபிராங்க் காத்திருந்தார். கோபமும் சந்தோஷமும் கலந்து முகம் பீட்ரூட் ஆகியிருந்தது. "எங்க உசுர எடுத்துட்டியேடி! அவன் மட்டும் அந்தக் கோட்டத் தாண்டியிருந்தான்னா?"

"மைனஸ் ரெண்டு," என்றாள் வென்டி. "நாளைக்கே நீ என்னக் கசாப்பு போட்டிருக்கலாம். இப்ப வழிய விடு."

வைத்தியர் அறையில் டேரல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தலையில் ஐஸ் பை. ஸ்கேனுக்கு அழைத்துப்போக மனைவி வண்டியை எடுத்துவரப் போயிருந்தாள். பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நேரத்துக்குச் சொன்னது எதுவும் மண்டையில் நிற்காது, கொஞ்சம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார்.

"ஜெயிச்சமா?" என்றான் டேரல்.

"ஜெயிச்சோம். பதினெட்டுக்குப் பதினாறு."

"கடைசில எப்படி? சங்கு காப்பாத்திச்சா?"

வென்டி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தான் கடிகாரத்தை நிறுத்த மறந்ததிலிருந்து சொன்னாள். ஜோயல் பந்தை மாடத்துக்கு உதைத்ததைச் சொன்னபோது டேரல் சிரித்து, தலை வலித்து, "ஐயோ" என்றான். அவன் இடத்தைப் பையன்களே அடைத்ததைச் சொன்னாள். ஜோயல் விலகாமல் நின்றதைச் சொன்னாள். "சங்கு காப்பாத்தலடா. முழுசா ஆடித்தான் ஜெயிச்சானுங்க. எவனுக்கும் ஒரு விநாடி பாக்கி இல்ல. நீயும் அங்க இல்ல," என்றாள். சொல்லும்போது கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

டேரல் நிமிர்ந்து பார்த்தான். "நான் இல்லாமயா?" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவள் அந்த வருஷம் பார்த்ததில்லை.

பிறகு ஐஸ் பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு அவளைப் பார்த்துக் கேட்டான்:

"ஆமா வென்டி, ஜெயிச்சமா?"

மணி பார்க்காமல் அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.